மூன்று டெசிபெலின் விலை

வாகனத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு செல்வது ஓர் இன்பம். அதனை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால், அந்த இன்பத்தைத் தேடிப் புறப்பட்ட சிலர் தமது வாகனத்தின் மின் அமைப்பையே மாற்றியமைக்கும் அளவுக்குச் சென்றுவிட்டார்கள் என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தியாகும். சாதாரண மோட்டார் கார் 12 வோல்ட்டில் இயங்குவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உள்ள பெருஞ்சத்தப் பிரியர்கள் அதனை 16, 18 வோல்ட் என உயர்த்தி, பல்லாயிரம் வாட் வலுக்கொண்ட அம்பிளிபயர்களை இயக்குகின்றனர். இதற்கென்றே தனியான பற்றரிகள் விற்பனையாகின்றன. தனியான போட்டிகளும் நடைபெறுகின்றன.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பியின் மகன்தான் இவ்விடயத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவன். "பெரியப்பா, பன்னிரண்டு வோல்ட் இதுக்குக் காணாது. பதினாறாவது வேணும்" என்றான். நான் கலைப் பட்டதாரி. மின்சாரம் பற்றிய என் அறிவு பாடசாலையோடு நின்றுபோனது. ஆயினும், நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு, விளங்காத ஒன்றை விளங்கும்வரை துருவிக் கேட்கும் பழக்கம் இலேசில் போய்விடுவதில்லை. அவன் தாளில் எழுதிக் காட்டிய கணக்கைப் பின்னர் ஆறுதலாக இருந்து சரிபார்த்தேன். கணக்குச் சரியாகவே இருந்தது.

எனவே என் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். மின்சாரத்தின் கணக்குப்படி இந்த இளைஞர்கள் செய்வது முற்றிலும் சரி. காதின் கணக்குப்படி அது சரியன்று. இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாகன ஒலிக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையிலான இழுபறி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் போல் கால்வின் என்பவரின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலக் கார்களின் பற்றரி 6 வோல்ட் மாத்திரமே. வானொலியில் இருந்த வால்வுகளுக்கோ அதைப் போலப் பல மடங்கு மின்னழுத்தம் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் அதற்கெனத் தனியான பற்றரிகளைக் காருக்குள் அடுக்கி வைத்தார்கள். பின்னர் வைப்ரேட்டர் என்ற சிறு கருவி வந்தது. அது பற்றரியின் மின்னோட்டத்தை விடாமல் வெட்டி வெட்டி, ஒரு மின்மாற்றியின் மூலம் உயர்த்தி வால்வுகளுக்கு ஊட்டியது. பழைய கார் வானொலியைத் திறந்ததும் ஒரு மெல்லிய ரீங்காரம் எழுந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது அந்த வைப்ரேட்டரின் குரல்.

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. பெரிய எட்டுச் சிலிண்டர் இயந்திரங்களை ஸ்டார்ட் செய்வதற்கு 6 வோல்ட் போதாமற் போனது அதற்கு முக்கிய காரணம். 1955இல் கிறைஸ்லர், பில்கோ ஆகிய இரு நிறுவனங்களும் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலியை அறிவித்தன. டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதுமாக இருந்ததால் வைப்ரேட்டர் மறைந்தது. ஆனால் அதன் தந்திரம் மறையவில்லை. இன்றைய பெரிய அம்பிளிபயர்களின் வயிற்றுக்குள் இருப்பதும், 12 வோல்ட்டை வெட்டி உயர்த்தும் அதே தந்திரத்தின் நவீன வடிவமேயாகும்.

அப்படியாயின் ஏன் 16 வோல்ட்? இங்கேதான் கணக்கு வருகிறது. வலு என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 5,000 வாட் வெளியிடும் அம்பிளிபயர் ஒன்று, எண்பது வீதத் திறனுடன் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அது பற்றரியிடம் கேட்பது 6,250 வாட். 12.5 வோல்ட்டில் அதனைக் கொடுக்க 500 அம்பியர் பாய வேண்டும். இலங்கையில் சாதாரண வீடொன்றுக்குக் கிடைக்கும் மின் இணைப்பு 230 வோல்ட்டில் 30 அம்பியர், அதாவது 6,900 வாட். ஒரு வீட்டின் முழு இணைப்பும் தாங்கும் வலுவை, ஒரு காரின் பின்பெட்டிக்குள், அதுவும் 12 வோல்ட்டில் கொடுக்க முயல்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டின் உச்சக் கணங்களில் மாத்திரமே இவ்வளவு தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் கம்பியும் பற்றரியும் அந்தக் கணங்களைத் தாங்கியாக வேண்டும்.

மின்னோட்டம் கூடினால் கம்பியில் விரயமும் கூடும். அதுவும் நேராகக் கூடுவதில்லை; வர்க்கமாகக் கூடும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. இத்துறையினர் வழக்கமாகப் பயன்படுத்தும் விரல் பருமனான செப்புக் கம்பி சுமார் 53 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுக் கொண்டது. முன்னாலுள்ள பற்றரியிலிருந்து பின்பெட்டிக்குப் போக 5 மீற்றரும் திரும்பி வர 5 மீற்றருமாகப் பத்து மீற்றருக்கு அதன் தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் மூன்று பங்கு சொச்சம். அற்பம் என்று தோன்றும். ஆனால் 500 அம்பியர் பாயும்போது அந்த அற்பத் தடை ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஏறத்தாழ 800 வாட் வெப்பமாகப் போய்விடும். அதே 6,250 வாட்டை 16 வோல்ட்டில் அனுப்பினால் 390 அம்பியர் போதும். விரயம் 500 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். 48 வோல்ட்டில் அனுப்பினால் 130 அம்பியர்தான். விரயம் ஐம்பது சொச்சம் வாட்.

கார் உற்பத்தியாளர்களும் இந்தக் கணக்கை அறியாதவர்களல்லர். 1990களின் பிற்பகுதியில் கார்களை 42 வோல்ட்டுக்கு மாற்றுவதெனப் பெரும் ஆரவாரம் எழுந்தது. 2001இல் டொயோட்டா நிறுவனம் தனது கிரவுன் காரின் ஒரு வகையில் அதனைச் செய்தும் காட்டியது. ஆனால் எல்லா உதிரிப்பாகங்களையும் மாற்றும் செலவை ஏற்க எவரும் முன்வராததால் அந்த முயற்சி அடங்கிப்போயிற்று. பின்னர் 48 வோல்ட்டாக அது மறுபிறவி எடுத்தது. 2016இல் ஆடி நிறுவனத்தின் எஸ்.கியூ.7 காரிலும், 2023இன் இறுதியில் வெளிவந்த டெஸ்லா சைபர்டிரக் வாகனத்திலும் அதனைக் காணலாம். ஆகவே, மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும் என்று பின்பெட்டியில் வூபர் அடுக்கும் இளைஞன் சொல்லும்போது, அவன் பைத்தியக்காரத்தனமாகப் பேசவில்லை. பெரிய பொறியியலாளர்கள் சொன்னதையே சொல்கிறான்.

செய்முறை சற்றுச் சிக்கலானது. ஈய அமிலப் பற்றரியின் ஒரு கலம் இரண்டு வோல்ட் சொச்சம். ஆறு கலங்கள் சேர்ந்தால் நாமறிந்த 12 வோல்ட் பற்றரி; எட்டுக் கலங்கள் சேர்ந்தால் 16 வோல்ட் பற்றரி. பெயர்தான் பதினாறு. அது ஓய்வாக இருக்கும்போது 16.8 வோல்ட்டும், முழுமையாக ஏற்றப்படும்போது 19 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். காரின் அல்டனேட்டரோ 14.4 வோல்ட் அளவில் நிற்கும்படி செய்யப்பட்டது. ஆகவே மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பூட்ட வேண்டும். அம்பிளிபயரும் அந்த உயரத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பல அம்பிளிபயர்கள் 16 வோல்ட்டைத் தாண்டியதும் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்வன.

அதைவிட முக்கியம், காரின் ஏனைய உறுப்புகள். முன்விளக்கு, எரிபொருள் பம்பி, காற்றுப்பைகளைக் கட்டுப்படுத்தும் கணினி, இயந்திரத்தின் மூளையாகிய கணினி எல்லாமே 12 வோல்ட் குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றுக்கு 18 வோல்ட்டை ஊட்டினால் விளக்குகள் முதலிற் போகும்; பின்னர் விலை கூடியவை போகும். அதனால் விவரமறிந்தவர்கள் இரண்டு மின் அமைப்புகளை வைத்துக்கொள்வார்கள். கார் தன் பாட்டில் 12 வோல்ட்டில் ஓடும். இரண்டாவது அல்டனேட்டர் ஒன்று ஒலிக்கு மாத்திரம் உழைக்கும். இவ்வளவு செலவுக்கு மனமில்லாதவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உயர்த்திவிட்டு, கடவுள்மேற் பாரத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 16 வோல்ட் மனிதரைத் தாக்காது. வெறுங்கையால் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே ஒரு தப்பான துணிச்சல் பிறந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பற்றரிகளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாவிக்கோல் விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். இரும்பை ஒட்டும் வெல்டிங் தொழிலுக்குப் போதுமானதைவிடப் பல மடங்கு அது. காரின் தகட்டில் உரசி உரசித் தோல் கழன்ற கம்பி ஒன்றும் அதையே செய்யும். உருகி என்று நாம் பள்ளியிற் படித்த பியூஸ், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் பொதுவிதி. அம்பிளிபயரின் அருகில் பியூஸைப் பூட்டிவிட்டு, இடையிலுள்ள கம்பியைக் காவலின்றி விடுவது காருக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம்.

இனி, இத்தனை செலவும் உழைப்பும் ஆபத்தும் எதைத் தருகின்றன என்று பார்ப்போம். ஒழுங்குபடுத்தப்படாத மின்வழங்கி கொண்ட அம்பிளிபயரில், மின்னழுத்தம் கூடினால் வெளிவரும் வலு வர்க்க விகிதத்தில் கூடும். 14.4 வோல்ட்டிலிருந்து 18 வோல்ட்டுக்கு உயர்த்தினால் வலு 56 வீதம் அதிகரிக்கும். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம் செவி வாட் கணக்கில் கேட்பதில்லை. ஒலி அளவை டெசிபெல் கணக்கு மடக்கை முறையில் அமைந்தது. வலு இருமடங்கானால் கிடைப்பது 3 டெசிபெல். பத்து மடங்கானால் 10 டெசிபெல். 56 வீத அதிகரிப்பு இரண்டு டெசிபெலைக்கூட எட்டாது.

இரண்டு டெசிபெல் என்பது, ஊன்றிக் கேட்டால் "சற்றுக் கூடியிருக்கிறதோ" என்று தோன்றும் அளவு. பாட்டு இருமடங்கு சத்தமாகிவிட்டது என்று சாதாரண மனிதர் உணர வேண்டுமாயின் ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். பாரம் ஏறும்போது மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும் ஓர் அமைப்பை, சரியாமல் 18 வோல்ட்டில் நிறுத்துவதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது மூன்றரை டெசிபெல்தான்.

போட்டிக்குச் செல்பவர்களின் கதை வேறு. அங்கே டெசிபெலின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெற்றியும் தோல்வியும் தீர்மானிக்கப்படுகின்றன. அவர்களுக்கு இரண்டு டெசிபெல் என்பது ஒரு மலை. அவர்களது அளவீடுகள் 150, 160 என்றும், உச்ச வகுப்புகளில் 170ஐத் தாண்டியும் செல்லும். ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த அளவுகளில் வாகனத்துக்குள் எவரும் இருப்பதில்லை. கதவைப் பூட்டிவிட்டு, வெளியே நின்று இயக்குகிறார்கள். சில விநாடிகளில் அளவெடுப்பு முடிந்துவிடுகிறது. அது பாட்டுக் கேட்பதன்று. பளு தூக்குவதைப் போன்ற ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டின் மீது எனக்குக் குறை எதுவுமில்லை. அங்கே பிறந்த கருவியை, மனிதர் அமர்ந்திருக்கும் வாகனத்துக்குள் கொண்டுவருவதே என் கவலை.

இனிக் காதின் கணக்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1998இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் ஒருநாளில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 88 டெசிபெலில் நான்கு மணித்தியாலம், 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணித்தியாலம், 100 டெசிபெலில் பதினைந்து நிமிடங்கள்.

இரண்டு கணக்குகளையும் இப்போது அருகருகே வைத்துப் பாருங்கள். பெருஞ்செலவில் மின்னழுத்தத்தை உயர்த்திப் பெறும் மூன்று டெசிபெலை மூளை "சற்றுக் கூடிவிட்டது" என்று மாத்திரமே உணர்கிறது. உட்செவியோ அதனை இருமடங்குத் தாக்குதலாகப் பெற்றுக்கொள்கிறது. இன்பம் இருமடங்காகவில்லை. சேதம் இருமடங்காகிவிட்டது. இந்த ஆர்வத்தில் இறங்கும் எந்த இளைஞனுக்கும் விற்பனையாளர் சொல்லாத செய்தி இதுதான்.

தாழ்ந்த சுருதி ஒலி காதை அவ்வளவாகப் பாதிக்காது என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. மேற்சொன்ன 85 டெசிபெல் என்பது செவியின் இயல்புக்கேற்ப நிறையளித்துக் கணிக்கப்படுவது. 50 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வுக்கு அதில் சுமார் 30 டெசிபெல் கழித்துவிடுவார்கள். ஆனால் 150இல் 30ஐக் கழித்தாலும் 120 மிஞ்சும். அன்றியும், வூபரை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. அதன் முழக்கத்தை மீறிப் பாடகரின் குரல் கேட்க வேண்டுமென்று உயர் சுருதி ஸ்பீக்கர்களையும் கூட்டிவிடுகிறார்கள். சேதம் பெரும்பாலும் அந்த வழியால் நுழைகிறது.

உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் மிக நுண்ணியவை. அவை இறந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் உயர்ந்த சுருதிகள் போகும். மெய்யெழுத்துகளின் நுண்ணொலிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் செவி மந்தமானோர், "சத்தம் கேக்குது, சொல்லுறது விளங்கேல்லை" என்கிறார்கள். இரவின் அமைதியில் காதுக்குள் ஓயாத இரைச்சல் ஒன்று குடிகொள்வதும் உண்டு. செய்தியாளனாக நான் வடக்கில் அலைந்த காலத்தில், ஷெல் வெடித்த சத்தத்தில் செவியை இழந்த பலரைச் சந்தித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சமூகத்தின் அடுத்த தலைமுறை அதே இழப்பைப் பணங்கொடுத்து வாங்குவதைக் காண மனம் கூசுகிறது.

இது சிலரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய அறிக்கையின்படி, 2050ஆம் ஆண்டளவில் உலகில் ஏறத்தாழ 250 கோடிப் பேர் ஏதோவோர் அளவில் செவித்திறன் குறைந்தவர்களாக இருப்பர். பொழுதுபோக்குச் சத்தத்தால் ஆபத்தை எதிர்நோக்கும் இளவயதினர் 100 கோடிக்கு மேல் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

தன் காரில் தனியே இருந்து கேட்பவனுக்குக்கூட "என் காது, என் விருப்பம்" என்று சொல்லிவிட முடியாது. 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். வீட்டுச் சுவரோ கண்ணாடி யன்னலோ அதற்குப் பெரிய தடையன்று. வீதியில் போகும் காரின் பாட்டு நமக்குக் கேட்பதில்லை. அதன் முழக்கம் மாத்திரம் படுக்கையறைக்குள் வந்து நிற்கிறது. அங்கே கைக்குழந்தையும் இருக்கலாம், நோயாளியும் இருக்கலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 16 வோல்ட் பற்றரி தேடுவோர் அரிது. அதற்குத் தேவையுமில்லை. நம் வீதிகளில் ஓடும் பெரிய பஸ்களிற் பெரும்பாலானவை தொடக்கத்திலிருந்தே 24 வோல்ட்டில் இயங்குவன. இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாட்டுக்கென்று 12 வோல்ட் அம்பிளிபயரைக் கொண்டுவந்து, இரண்டில் ஒரு பற்றரியிலிருந்து மாத்திரம் மின்னை எடுக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பற்றரி எப்போதும் வெறுமையாகிக்கொண்டிருக்கும். மற்றது அளவுக்கு மீறி ஏற்றப்பட்டுக் கொதிக்கும். இரண்டும் அற்பாயுளில் முடியும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றி ஒன்றைப் பூட்டுவதே சரியான முறை. பஸ் உரிமையாளர் எவரேனும் இதை வாசித்தால், அவருக்கு ஒரு பற்றரியின் விலையாவது மிச்சமாகட்டும்.

ஆனால் பஸ்ஸில் பெரிய பிரச்சினை பற்றரியன்று. காரில் கேட்பவன் தானே விரும்பிக் கேட்கிறான். பஸ்ஸில் ஏறியவருக்கு அந்தத் தெரிவு இல்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவில் ஓடும் தனியார் பஸ்ஸொன்றில் 91 டெசிபெலில் பாட்டுப் போட்டால், பயணியின் செவிக்குரிய அன்றைய பங்கு இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். பஸ் அப்போது பாதித் தூரத்தையும் கடந்திராது. "தம்பி, கொஞ்சம் குறைச்சுவிடு அப்பு" என்று கேட்கும் முதியவரை நடத்துநர் திரும்பியும் பார்ப்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகம் பாதிக்கப்படுவோர் அந்த நடத்துநரும் சாரதியுமே. பயணி மாதத்தில் ஒருமுறை கேட்கிறார். அவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். காவலற்ற புகையிரதக் கடவைகள் உள்ள நாட்டில், ரயிலின் ஊதலைக் கேட்க முடியாத சாரதியின் கையில் ஐம்பது உயிர்களை ஒப்படைத்திருக்கிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது.

சட்டம் இல்லாமலில்லை. 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம், வெலிகமவிலிருந்து வந்த வழக்கொன்றில், ஒலிபெருக்கிகள் பற்றிய முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அவற்றுக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. அயலவர் அமைதியாக வாழும் உரிமை அதில் வலியுறுத்தப்பட்டது. 2025 சனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தையொட்டி, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் உள்ள மேலதிகப் பொருத்துகளை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். தனியார் பஸ் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த விவாதத்தில் விளக்குகளும் ஹோர்ன்களும் அலங்காரங்களும் அடிபட்ட அளவுக்குப் பயணியின் செவி பேசப்படவில்லை. பொருத்தியுள்ள கருவி எது என்று பார்ப்பதைவிட, பயணியின் ஆசனத்தில் எத்தனை டெசிபெல் என்று அளப்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. அளவுமானி ஒன்றின் விலை பெரிதன்று. வருடாந்த அனுமதிப்பத்திரப் பரிசோதனையின்போது ஐந்து நிமிடங்களில் செய்துவிடலாம்.

நல்ல ஒலியை விரும்பும் இளைஞர்களுக்கும் சொல்வதற்குச் சில உண்டு. 16 வோல்ட்டைப் பற்றி எண்ணுமுன் இருப்பதைச் சீர்செய்யுங்கள். உடற்தகட்டுடன் இணையும் மறைமுனைத் தொடுப்பில் வர்ணத்தைச் சுரண்டி, இறுக்கமாகப் பூட்டுங்கள். பாரம் ஏறும்போது மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்று மானியால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு தளர்ந்த மூட்டில்தான் விழும். ஒரே வலுவுக்கு 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கரைத் தெரிந்தெடுத்தால், அது அம்பிளிபயரை இருமடங்காக்கியதற்குச் சமம். அதற்கு ஓர் அம்பியரும் கூடத் தேவையில்லை. கதவுத் தகடுகளின் அதிர்வை அடக்கி, ஓட்டைகளை அடைத்தாலே பலருக்குத் தாங்கள் தேடிய ஒலி கிடைத்துவிடும். இவை யாவும் சேர்ந்தாலும் இரண்டாவது அல்டனேட்டரின் செலவு வராது.

அத்தனைக்கும் பிறகு 16 வோல்ட் வேண்டுமென்றால், போட்டிக்குப் போங்கள். முறையாகச் செய்யுங்கள்; பியூஸைப் பூட்டுங்கள்; கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று அளவெடுங்கள். ஆனால் அந்த வாகனத்தில் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒலியைக் குறைத்துவிடுங்கள். எரிந்துபோன அம்பிளிபயருக்கு மாற்று வாங்கலாம். இறந்துபோன மயிர்க்கலத்துக்கு மாற்று விற்கும் கடை எந்த ஊரிலும் இல்லை.